நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்யும் கணவன், மனைவி: ஒரு நிகழ்வு ஆய்வு

நிபா என்பது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வரும், மூளையையும் நுரையீரலையும் தாக்கும் வைரஸ் நோய். 2001 முதல் 2014 வரை வங்கதேசத்தில் பதிவான 248 நிபா நோயாளிகளில் 82 பேருக்கு நோய் இன்னொரு மனிதரிடமிருந்து தொற்றியது. அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சுற்றியிருந்தவர்களைக் கணக்கெடுத்தபோது ஒன்று துலக்கமாகத் தெரிந்தது. நோயாளியின் கணவன் அல்லது மனைவியாக இருந்த 56 பேரில் 8 பேருக்குத் தொற்றியிருந்தது. அது 14 சதவீதம். மற்ற நெருங்கிய குடும்பத்தார் 547 பேரில் 7 பேருக்கு மட்டுமே தொற்றியது, 1.3 சதவீதம். ஏனையோர் 1,996 பேரில் 18 பேர், 0.9 சதவீதம்.

தம்பிக்கும் மகளுக்கும் இல்லாத ஆபத்து மனைவிக்கு, அதுவும் ஏறத்தாழ பத்து மடங்கு, ஏன் வருகிறது? வைரஸுக்கு உறவுமுறை தெரியாது. நோயாளியோடு எத்தனை மணி நேரம் இருந்தார்கள், அந்த நேரத்தில் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதில்தான் விடை இருக்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் உடனிருந்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு, ஒரு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களைப் போல 13 மடங்கு. நோயாளியின் உடல் திரவம் மேலே பட்டவர்களுக்கு 4.3 மடங்கு. இரண்டு நாளுக்கு மேல் பக்கத்திலேயே உட்கார்ந்து, எச்சிலைத் துடைத்து, வாந்தியை அள்ளி, சோறு ஊட்டி, இரவில் அதே பாயில் படுப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான்.

இதே எண்ணிக்கையில் ஆறுதலும் உண்டு. 56 பேரில் 48 பேருக்குத் தொற்றவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குத் தரமான முகக்கவசமோ கையுறையோ கிடைத்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே நிபா நோயாளியின் துணைக்கு நோய் வருவது விதி அல்ல. ஆபத்து குறிப்பிட்ட சில செயல்களில் குவிந்திருக்கிறது. அந்தச் செயல்களை மாற்றினால் ஆபத்து குறையும். துணைவரை நோயாளியிடமிருந்து பிடுங்கி எடுப்பதைவிட, அவர் கைகளுக்கு வேண்டியதைக் கொடுத்துப் பழக்குவது பல இடங்களில் நடக்கக்கூடிய வழி என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

யாரிடமிருந்து தொற்றுகிறது

நிபா எல்லா நோயாளிகளிடமிருந்தும் ஒரே அளவில் பரவுவதில்லை. சராசரியாக மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குத்தான் தருகிறார்கள் (0.33). 2001 முதல் 2007 வரையிலான 122 வங்கதேச நோயாளிகளில் பிறருக்குத் தந்தவர்கள் 9 பேர் மட்டுமே. மூச்சுத்திணறல் இருந்தவர்களில் 12 சதவீதத்தினர் பரப்பினார்கள். மூச்சுத்திணறல் இல்லாதவர்களில் ஒருவரும் பரப்பவில்லை. 45 வயதைக் கடந்து, மூச்சுத்திணறலும் உள்ள நோயாளிக்கு மேற்சொன்ன 0.33 என்ற எண் 1.1 ஆக உயர்கிறது.

1998–99இல் மலேசியாவில் இந்த வைரஸ் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. அங்கே பன்றிகளிடமிருந்து மனிதருக்கு வந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவியது மிக அரிது. அங்கே காய்ச்சலும் மூளைக்காய்ச்சலும்தான் முன்னே நின்றன. வங்கதேசத்திலும் கேரளத்திலும் இருமலும் மூச்சுத்திணறலும் அதிகம் சேர்ந்து வருகின்றன. 2018இல் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு பரவியபோது கணக்கிடப்பட்ட 23 பேரில் 20 பேருக்கு மூச்சுத் தொல்லை இருந்தது. தொற்று வீட்டையும் வார்டையும் பிடித்ததற்கு அதுவே முதன்மைக் காரணம்.

துணைவருக்கு இதில் பொல்லாத ஒரு பொருத்தம் இருக்கிறது. முதல் ஓரிரு நாள் வெறும் காய்ச்சலும் தலைவலியும். நோயாளி தானே எழுந்து போவார், தானே சாப்பிடுவார். மூன்றாம், நான்காம் நாளில் நினைவு மங்கும், மூச்சு வாங்கும், வாயில் நுரையும் கோழையும் சேரும். அப்போதுதான் பணிவிடை மிக நெருக்கமாகிறது. தூக்கி உட்கார வைக்க வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும், மலஜலம் அள்ள வேண்டும். நோயாளியிடமிருந்து வைரஸ் மிகுதியாக வெளிவரும் நாட்களும், துணைவர் அவர் முகத்துக்கு மிக அருகே இருக்கும் நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன. எல்லா எச்சரிக்கையையும் முதல் நாளிலேயே செலவழித்துவிட்டு நான்காம் நாளில் களைத்துப்போய் முகக்கவசத்தைக் கழற்றுவது அடிக்கடி நடக்கக்கூடியது. பொருளும் ஆளும் குறைவாக இருந்தால் அந்தக் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஃபரித்பூர், 2004

ஏப்ரல், மே மாதங்களில் வங்கதேசத்தின் ஃபரித்பூர் மாவட்டத்தில் 36 பேருக்கு நிபா வந்தது. நான்கில் மூன்று பங்கினர் இறந்தார்கள். 36 பேரில் 33 பேர் தமக்கு நோய் வருமுன் இன்னொரு நோயாளியோடு நெருங்கிப் பழகியிருந்தவர்கள். சங்கிலி ஒரு வீட்டில் தொடங்கி, உறவினர்கள் வழியாக, பலரும் மதித்த ஒரு மதப் பெரியவரை எட்டியது. அவர் படுத்தபோது பார்க்க வந்தவர்களும் பணிவிடை செய்தவர்களுமாக 22 பேருக்கு அவரிடமிருந்து தொற்றியது. நோயாளி ஒருவரைத் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த ரிக்‌ஷா ஓட்டுநரையும் அது விடவில்லை. மருத்துவமனைச் சுவரிலும் கட்டில் சட்டத்திலும் துடைத்தெடுத்த மாதிரிகளில் நிபாவின் மரபுப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது.

அங்கே அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஊட்டுவதும் உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் உறவினர் வேலை. செவிலியர் எண்ணிக்கை அதற்குப் போதாது. கட்டிலின் ஓரத்திலோ கீழே தரையிலோ மனைவி படுத்திருப்பார். ஒரே தட்டு, ஒரே குவளை. நோயாளி மிச்சம் வைத்ததை உண்பது அன்பின் வழக்கம்; நம் ஊரிலும் அப்படித்தான். இந்த ஏற்பாட்டில் "உறவினர் யாரும் உள்ளே வரக்கூடாது" என்று தடை போட்டால் நோயாளிக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. குடும்பம் தடையை மீறும், அல்லது நோயாளியை வீட்டுக்குத் தூக்கிப் போய்விடும். செவிலியர்கள் முழுப் பொறுப்பேற்கும் தனிப்பிரிவு இருந்தால் மட்டுமே அந்தத் தடைக்குப் பொருள் உண்டு. 2018இல் கேரளம் அதைச் செய்தது. ஆனால் அதற்கு முன்பே மருத்துவமனைகளில் பலருக்குத் தொற்றிவிட்டது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோயாளியைக் கவனித்ததில் தொற்றி, 2018 மே 21 அன்று இறந்தார்.

பெயர் தெரியாத முதல் நாட்கள்

நிபா என்று உறுதியானவரையோ, சந்தேகத்துக்கு உரியவரையோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. தனிப்பிரிவும் மூச்சுக்கருவியும் உள்ள மருத்துவமனைதான் இடம். ஆனால் காய்ச்சல் தொடங்கிய நாளில் நெற்றியில் யாரும் பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை. தொண்டைச்சளி, இரத்தம், சிறுநீர், தண்டுவட நீர் ஆகியவற்றில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையின் முடிவு வருவதற்குள் துணைவர் பல நாள் பணிவிடை செய்து முடித்திருப்பார். அந்த இடைவெளிக்குத்தான் கீழே வருபவை.

சந்தேகிக்க வேண்டிய சேர்க்கை இது: காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கூடவே பேச்சில் தடுமாற்றம், தூக்க மயக்கம், வலிப்பு அல்லது மூச்சுத்திணறல். இதோடு கடந்த மூன்று வாரத்தில் பழந்தின்னி வௌவால் கடித்த பழம், வங்கதேசத்தில் என்றால் குளிர்காலத்தில் காய்ச்சாமல் குடிக்கும் ஈச்சஞ்சாறு (அதில் வௌவால் வாய்வைத்திருக்கலாம்), அல்லது இதே போன்ற காய்ச்சலில் கிடந்தவரின் தொடர்பு இருந்ததா என்று பார்க்க வேண்டும். நிபா பரவுவதாக அறிவிக்கப்பட்ட மாவட்டத்திலிருந்து வந்தவரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கேரளத்தில் 'திஷா' 1056, தமிழ்நாட்டில் 104 ஆகிய உதவி எண்களில் முதலில் சொல்லிவிட்டுப் புறப்படுவது நல்லது. முன்கூட்டிச் சொன்னால் பொது வெளிநோயாளர் கூட்டத்தில் காத்திருக்காமல் நேரே தனிப்பிரிவுக்குப் போகலாம்.

அறைக்குள்

ஆட்கள் முறை மாற்றிப் பார்ப்பது களைப்பைக் குறைக்கும். ஆனால் தொற்றும் வாய்ப்புள்ளவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும். ஒருவரே பார்ப்பது நல்லது. இரண்டாமவர் வாசலுக்கு வெளியே இருந்து சாப்பாடு, துணி, மருந்து எடுத்துத் தந்தால் போதும். கர்ப்பிணியோ நீண்டகால நோயுள்ளவரோ அந்த ஒருவராக இருக்கக் கூடாது. மனைவி நிறைமாதமாக இருந்தால் வேறு ஒருவர் முன்வந்தே ஆக வேண்டும்.

சன்னல் வெளிப்பக்கம் திறக்கும் அறை வேண்டும். ஒற்றை அறை வீடாக இருந்தால் நோயாளியின் தலை சன்னல் பக்கமும் கால் மற்றவர்கள் பக்கமும் வரும்படி படுக்கையைப் போட்டு, மற்றப் படுக்கைகளை இரண்டு மீட்டராவது தள்ள வேண்டும். இடமே இல்லை என்றால் தலை வைக்கும் திசையை மாற்றுவதாவது முகத்துக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தைக் கூட்டும். ஒரே பாய், ஒரே போர்வை அன்றோடு நிற்க வேண்டும்.

அணிவதற்கு என்95 முகக்கவசம், கண்ணை மறைக்கும் முகத்தடுப்பு, கையுறை, முழுக்கை மேலங்கி. என்95இல் மூக்குக் கம்பியை இரண்டு விரலாலும் அழுத்தி, பலமாக மூச்சு விட்டுப் பார்த்தால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. தாடி இருந்தால் கசியும். கணவர் பணிவிடை செய்பவரானால் தாடியை மழித்துவிட வேண்டும். என்95 கிடைக்காத இடத்தில் மருத்துவ முகக்கவசமும், அதைவிட முக்கியமாகத் தூரமும் சன்னலும். நோயாளிக்கும் முகக்கவசம் போடலாம், ஆனால் அவர் விழிப்போடு, மூச்சு சீராக இருந்தால் மட்டும். மயக்கத்தில் இருப்பவருக்கோ வாந்தி எடுப்பவருக்கோ போட்டால் மூச்சடைக்கும்.

தூக்கி உட்கார வைக்கும்போது முகத்துக்கு நேரே குனிவதுதான் எல்லோருக்கும் வரும் பழக்கம். இருமல் நேரே முகத்தில் விழும். தோளுக்குப் பின்புறம் நின்று, அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். முதுகுக்குப் பின்னே இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்வாக வைத்துவிட்டால் அடிக்கடி தூக்கும் தேவையே குறைகிறது, மூச்சும் எளிதாகும்.

எச்சிலையும் கோழையையும் புடவைத் தலைப்பால் துடைப்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்த வேண்டும். அந்தத் தலைப்புதான் அடுத்த நிமிடம் துடைப்பவரின் வியர்வையையும் கண்ணீரையும் துடைக்கும். பழைய வேட்டியையோ பருத்திப் புடவையையோ உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கிழித்து ஒரு கட்டு வைத்துக்கொண்டால், ஒரு துடைப்புக்கு ஒரு துண்டு எடுத்து, பக்கத்தில் உள்ள இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிடலாம். பை கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் துண்டு கையிலேயே தங்கிவிடும். பணிவிடை செய்யும் பெண்ணுக்கு நைட்டி அல்லது சுடிதார் நல்லது. புடவைதான் என்றால் தலைப்பை இடுப்பில் செருகி மேலே மேலங்கி போட வேண்டும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றப்பட வேண்டும். அவற்றின் அடியில் சோப்பு போகாது. தாலிச்சரடு குனியும்போது வெளியே தொங்காமல் உள்ளே இருக்க வேண்டும். மஞ்சள் கயிறு ஈரத்தை உறிஞ்சும்.

உணவு ஊட்டுவதில் இரண்டு ஆபத்துகள் சேர்ந்து நிற்கின்றன. விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கும். அவர் புரையேறி இருமும் இருமல் ஊட்டுபவரின் முகத்தில் தெறிக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து விடை சொல்கிறாரா, ஒரு தேக்கரண்டித் தண்ணீரை இருமாமல் விழுங்குகிறாரா என்று பார்த்தபிறகே அடுத்த கரண்டி. முடியாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. அது மருத்துவமனையில் குழாய் வழியாகவோ ஊசி வழியாகவோ நடக்க வேண்டியது. தட்டு, டம்ளர், கரண்டி நோயாளிக்கென்று தனி. மிச்சம் பைக்குள் போகட்டும், யாரும் உண்ணக் கூடாது. சூடு ஆற்ற வாயால் ஊதுவது, ருசி பார்த்த கரண்டியை மீண்டும் இடுவது இரண்டும் வேண்டாம்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, மணி பார்க்க வேண்டும். பல்லுக்கிடையே கரண்டியோ விரலோ விடுவது நோயாளியின் பல்லையும் உடைக்கும், நம் விரலையும் கிழிக்கும். எச்சில் நேரே காயத்தில் சேரும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அதற்காக முகத்தருகே ஓடுவதால் ஆபத்து மட்டும் கூடுகிறது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108.

மூச்சுத்திணறலுக்கு வீட்டில் உள்ள நெபுலைசரை (மருந்தை ஆவி போலாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) போடுவது இன்று பல குடும்பங்களில் முதல் வேலை. நிபா சந்தேகத்தில் அது கூடாது. வாய்ச்சளியில் உள்ள வைரஸை நுண்துளியாக்கி அறை முழுக்க நிரப்பிவிடும்.

கழற்றுவதில்தான் தொற்று

கவசம் அணிந்திருக்கும் நேரத்தைவிடக் கழற்றும் நிமிடம் அபாயமானது. வெளிப்பரப்பு முழுவதும் அசுத்தம், கையோ அதன்மேல். வரிசை இதுதான். அறைக்குள்ளேயே வாசலருகில் நின்று கையுறையைக் கழற்ற வேண்டும்: ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெளியே பிடித்து உள்வெளியாக இழுத்து, மற்றக் கையுறைக்குள் வெறும் விரலை நுழைத்து அதையும் உள்வெளியாக உருட்டி விட வேண்டும். அடுத்து மேலங்கி, தோளிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி. கை கழுவுதல். பிறகு முகத்தடுப்பைப் பின்வாரைப் பிடித்து முன்னோக்கி எடுக்க வேண்டும். அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே முகக்கவசம், அதுவும் பின்னால் உள்ள நாடாவைத் தொட்டு மட்டும். மீண்டும் கை கழுவுதல், 40 முதல் 60 நொடி, விரலிடுக்கும் நகக்கண்ணும் சேர. நிபா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. சாதாரணச் சோப்பே அதை உடைத்துவிடும். சோப்பு போடாமல் தண்ணீரில் அலசுவதால் பயனில்லை.

எங்கே தவறு நடக்கிறது என்றால், பெரும்பாலும் நடுவில். மூக்கு அரிக்கும், கண்ணாடி நழுவும், கைப்பேசி அடிக்கும். கைப்பேசியை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு ஜிப் பையில் போட்டு, ஒலிபெருக்கியில் மட்டும் பேசி, வெளியே வந்ததும் பையைக் களைய வேண்டும். கண்ணாடிக்குப் பின்கயிறு கட்டிக்கொள்ளலாம். அறைக்குள் நுழையும் தடவையையே குறைப்பது இன்னும் நல்லது: மருந்து, தண்ணீர், துணி மாற்றல், டயபர் எல்லாவற்றையும் ஒரே நுழைவில் முடிக்க ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மீதி நேரம் வாசலில் இருந்தபடி பேசலாம். குரல் கேட்பது நோயாளிக்குப் பெரிய துணை. அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

கரைசல், துணி, தரை

கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கரைத்தால் 0.5 சதவீதக் கரைசல். வாந்தி, சளி, மலம், இரத்தம் சிந்திய இடத்துக்கு இது. 1.5 கிராம் கரைத்தால் 0.05 சதவீதம், துணி ஊறவைக்க, பாத்திரம் துடைக்க. கரைத்து அரை மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். திரவ பிளீச்சில் அட்டையில் 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், 4 சதவீதம் என்றிருந்தால் ஒன்றுக்கு ஏழு. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெயிலில் வைத்த கரைசல் சீக்கிரம் சத்திழக்கும். கட்டி பிடித்து, மூக்கில் காரமே ஏறாத பவுடர் ஏற்கெனவே செத்தது.

சிந்திய வாந்தியின் மேல் உயரத்திலிருந்து கரைசலை ஊற்றினால் தெறிக்கும். முதலில் பழந்துணியால் மூடி, துணியின் மேல் மெதுவாக ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாரியெடுத்து, பையில் போட்டு, சுத்தமான தரையை மறுபடி அதே கரைசலால் துடைக்க வேண்டும். அழுக்கு மிகுந்த இடத்தில் குளோரின் தன் வலுவை அழுக்கின்மேலேயே இழந்துவிடும் என்பதால்தான் இரண்டாம் துடைப்பு. கட்டில் சட்டம், சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள், கட்டிலை ஒட்டிய சுவர் ஆகியவற்றை நாளுக்கு இருமுறை துடைப்பது ஃபரித்பூர் மருத்துவமனை கற்றுத்தந்த பாடம். கழிவறை அமிலத்தோடு பிளீச்சைச் சேர்த்தால் நச்சுவாயு வரும். பினாயிலோடும் சேர்க்க வேண்டாம். ஆள் மேல் தெளிப்பதால் தோலும் கண்ணும் எரியும், வேறு பயன் எதுவும் இல்லை.

துணிகளை உதறாமல் சுருட்டி, 0.05 சதவீதக் கரைசலில் 30 நிமிடம் ஊறவைத்து, பின் சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். சாயத்துணி வெளுக்கும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும், அல்லது பழந்துணியையே நோயாளிக்கு உடுத்த வேண்டும்.

வாகனமும் வார்டும்

மருத்துவமனைக்குப் போகும்போது கூட ஒருவர் போதும். சன்னல் முழுதும் திறந்திருக்க வேண்டும், ஏ.சி. அணைக்கப்பட வேண்டும். ஓட்டுநருக்கும் என்95 தந்து, ஏற்றி இறக்க அவரை உதவிக்கு அழைக்காமல் இருப்பது அவருக்கு நாம் செய்யும் கடமை. வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் ஒரு தாளில் எழுதி வைக்கப்பட வேண்டும். பிறகு தொடர்பு தேடும் குழு அதைத்தான் முதலில் கேட்கும்.

மருத்துவமனை நடைக்கூடங்கள் ஏமாற்றும் இடங்கள். 2018இல் கோழிக்கோட்டில் மருத்துவமனைகளுக்குள்ளேயே தொற்று பரவியது. ஸ்கேனுக்குக் காத்திருந்த கூடத்தில் அருகில் இருந்தவர்களும் அதில் உண்டு. மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 2001இல் நோயுற்ற 66 பேரில் பெரும்பகுதியினர் மருத்துவமனைப் பணியாளர்களும் பார்வையாளர்களும்தான். தனிப்பிரிவு கிடைக்கும்வரை திறந்தவெளியில், மரத்தடியில் காத்திருப்பது மேல்.

பிரிவுக்குள் துணைவரை அனுமதிக்கும் மருத்துவமனையானால் செவிலியர் ஒருவர் அவரை முதலில் பழக்கிவிட வேண்டும்: அணிவது, கழற்றுவது, எது அவர் செய்யலாம், எது கூடாது. சளி உறிஞ்சுதல், குழாய் பொருத்துதல், மூச்சுக்கருவி இணைத்தல் நடக்கும்போது அவர் வெளியே நிற்க வேண்டும். வெளியே நிறுத்திவிடும் மருத்துவமனையானால் நாளுக்கு இருமுறை, சொன்ன நேரத்தில், மருத்துவரோ செவிலியரோ அவரை அழைத்துப் பேச வேண்டும். கைப்பேசித் திரையில் முகம் காட்ட வேண்டும். இதை இரக்கச் செயலாகக் கருதிக் கடைசியில் வைக்காதீர்கள். செய்தி கிடைக்காத மனைவி பின்வாசல் வழியாக எப்படியாவது உள்ளே வருவார், கவசமே இல்லாமல்.

துணைவருக்கான 21 நாள்

நோயாளியோடு கடைசியாக நெருங்கிய நாளிலிருந்து 21 நாள் துணைவர் தனியாக இருந்து, காலை மாலை உடல்வெப்பம் பார்த்து எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 4 முதல் 14 நாளில் அறிகுறி தெரியும். கோழிக்கோட்டில் நடுமதிப்பு 9.5 நாள், வீச்சு 6 முதல் 14. காய்ச்சலோ தலைவலியோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. கண்காணிப்புக் குழுவை அழைத்து உடனே தனிப்பிரிவு சேர வேண்டும்.

தேதிகளைக் கவனமாகக் குறிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே குடத்து ஈச்சஞ்சாற்றைக் குடித்திருக்கலாம். இருவருக்கும் ஓரிரு நாள் இடைவெளியில் நோய் வந்தால் பொதுவான மூலத்தைத் தேட வேண்டும். இரண்டாமவருக்கு 5 முதல் 15 நாள் கழித்து வந்தால் முதலாமவரிடமிருந்து தொற்றியதாகவே பெரும்பாலும் கருதப்படும். முதல் வகையில் அதே குடத்தில் குடித்த அண்டை வீட்டாரை எச்சரிக்க வேண்டும். இரண்டாம் வகையில் மருத்துவமனைத் தொடர்புகளை அலச வேண்டும். தேதி தவறினால் தேடல் தவறான வீட்டுக் கதவைத் தட்டும்.

தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. 2018இல் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டது. மோனோகுளோனல் எதிர்ப்பொருள் (வைரஸைப் பிடித்து முடக்க ஆய்வகத்தில் செய்த புரதம்) ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டது. இவை மருத்துவக் குழுவின் முடிவுக்கு உட்பட்டவை. வீட்டில் முன்கூட்டி விழுங்கிக் காத்துக்கொள்ள மருந்து எதுவும் இல்லை. இந்த 21 நாளில் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள், அன்றாடக் கூலி நின்ற வீட்டுக்கு அரிசி எப்படி வரும் என்பதையும் முதல் நாளே ஏற்பாடு செய்யாத தனிமைப்படுத்தல் நான்காம் நாளே உடையும்.

இறப்பு நேர்ந்தால்

நிபாவில் இறப்பு விகிதம் பெரும்பாலான பரவல்களில் 40 முதல் 75 சதவீதம். கோழிக்கோட்டில் அதையும் தாண்டியது. ஆகவே இந்தப் பகுதியை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 2010 ஜனவரியில் ஃபரித்பூரில் 16 பேர் நோயுற்று 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தெரிந்த ஒரே தொடர்பு, இறந்தவரின் உடலைக் கட்டியணைத்தது. இன்னொருவர் அதே உடலைக் குளிப்பாட்டுமுன் வாய்ச்சளியையும் மலத்தையும் துடைத்தவர்.

ஆகவே உடலைக் குளிப்பாட்டுதல், வாயில் அரிசியிடுதல், முகத்தோடு முகம் வைத்து அழுதல் கூடாது. கசியாத பைக்குள் வைத்து, வெளிப்பக்கத்தைக் கரைசலால் துடைத்து, பயிற்சி பெற்ற குழுவே எடுத்துச் செல்ல வேண்டும். ஆனாலும் துணைவர் பார்க்காமலே அனுப்புவது தேவையற்ற கொடுமை. முகம் தெரியும்படி பையைத் திறந்து, கவசம் அணிந்த துணைவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம். குளிப்பாட்டலுக்குப் பதிலாகச் செய்யத்தக்க சடங்கு எது என்பதை அந்தந்தச் சமயப் பெரியவரே குடும்பத்துக்குச் சொன்னால் ஏற்பு எளிது. சுகாதார அலுவலர் தனியே சொன்னால் சண்டைதான் வரும்.

பிழைத்து வீடு திரும்பியவர்

கேரளத்தில் பிழைத்த ஓர் ஆணின் விந்தில், நோய் தொடங்கி 26ஆம் நாளிலும் நிபாவின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது. அது உயிருள்ள வைரஸ்தானா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. ஆனாலும் தம்பதியர்க்கு இதை வெட்கப்படாமல், இருவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது மருத்துவரின் பொறுப்பு: மருத்துவக் குழு சோதித்து அனுமதி சொல்லும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் ஆணுறை வேண்டும். கணவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால் மனைவிக்கு மறுக்கும் உரிமையே இல்லாமல் போகும்.

பிழைத்தவர்களில் சிலருக்கு நீடித்த களைப்பு, மறதி, சிடுசிடுப்பு, வலிப்பு தங்கிவிடுகின்றன. கணவர் முன்பு போல இல்லை என்று மனைவி சொல்வதைக் குணக்கேடாக எடுக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குணமாகிப் பல மாதம், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பியது மலேசியாவில் பதிவாகியிருக்கிறது. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் பெரிய எழுத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும்: இவருக்கு நிபா வந்திருந்தது, புதிதாகக் காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல் எது வந்தாலும் எந்த ஆண்டானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து இந்தச் சீட்டைக் காட்டவும். சீட்டின் ஒரு நகல் துணைவரின் பையில் இருக்கட்டும்.